கட்டுப் போட்ட கை

பதினெட்டாயிரத்து நானூறு ரூபாயில் இன்னும் ஆறாயிரத்து இருநூறு பாக்கி. கணவரின் நகக்கண்ணில் ஒட்டியிருந்த வெள்ளை சிமெண்டைக் கொண்டை ஊசியால் சுரண்டிக்கொண்டிருந்தபோது அவள் மனசுக்குள் ஓடியது இந்தக் கணக்குதான். இப்படி ஒரு நேரத்தில் இப்படி ஒரு நினைப்பா என்று யாராவது கேட்கலாம். ஆனால் அவர் கடைசியாகத் தெளிவாகப் பேசியதே அதைப் பற்றித்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில், வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தபடி, "உங்க அண்ணன் பாக்கியை மட்டும் வச்சுட்டுப் போயிடக் கூடாது" என்றார்.

"எங்க போறீங்களாம்? வாயை மூடிக்கிட்டு வாங்க" என்று அதட்டினாள்.

அந்த அதட்டலை நினைத்ததும் இப்போது ஊசி ஒருமுறை வழுக்கியது. விரலில் குத்திவிட்டதோ என்று பதறிப் பார்த்தாள். பிறகுதான், இனிமேல் அவருக்கு எதுவும் வலிக்காது என்பது உறைத்தது.

பெஞ்சில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். பெஞ்சுக்குக் கீழே அவர் போட்ட தரை. ஊரார் வீட்டுக்கெல்லாம் டைல்ஸ் ஒட்டப் போன இடங்களில் மிச்சம் விழுந்ததைக் கேட்டு வாங்கிவந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வீட்டுக்கு ஒட்டினார். ஒன்றுக்கு ஒன்று சேராத நிறம், ஒன்றுக்கு ஒன்று சேராத பூ. "பத்துப் பணக்காரன் வீடு நம்ம காலடியில கெடக்குது பாரு" என்பார். ஆனால் இணைப்புக் கோடு மட்டும் எங்கும் நூல் பிடித்த மாதிரி இருக்கும்.

வாசலில் அண்ணன் குரல் கேட்டது. நாற்காலிக்காரனிடம் பேரம் முடிந்து, சவ வண்டிக்காரனிடம் போனில் பேரம் நடந்துகொண்டிருந்தது. வீடு வாடகைக்குப் பிடித்துத் தரும் தரகர் அவன். பேசியே எதையும் முடித்துவிடுவான். எந்த ஆபீஸுக்குப் போனாலும் அங்கே ஒரு ஆளைத் தெரிந்துவைத்திருப்பான். அவள் அந்த அண்ணனின் பெருமையில் வளர்ந்தவள்.

"இப்படி ஒரு மச்சினன் கெடைக்கணுமே" என்று யாரோ சொன்னார்கள். காலையிலிருந்து மூன்று நான்கு பேர் சொல்லிவிட்டார்கள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வாசலுக்குப் பக்கத்தில் அண்ணனின் மோட்டார் சைக்கிள் நின்றது. புது மட்கார்டு, புது முகப்பு விளக்கு, புது பெயிண்ட். வெயில் பட்டுக் கண் கூசியது.

விபத்து நடந்த அன்றைக்கு அண்ணன்தான் ஒரு வீட்டுச் சாவியை வாங்கிவரச் சொல்லி அந்த வண்டியில் அவரை அனுப்பினான். திருப்பத்தில் கொட்டிக் கிடந்த ஜல்லியில் சக்கரம் வழுக்கி, வண்டி மின்கம்பத்தில் மோதியது. வண்டியின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிவிட்டது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, ஹேண்டில்பார் வயிற்றில் ஒரு இடி இடித்திருந்தது. எழுந்து நின்று தூசியைத் தட்டிக்கொண்டு முதலில் சாவியைத்தான் தேடினாராம்.

வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் அவருடைய லைசென்ஸ் காலம் முடிந்து புதுப்பிக்காமல் கிடந்தது.

"லைசென்ஸ் செத்துப்போன ஆளு ஓட்டினார்னு தெரிஞ்சா ஒத்தப் பைசா பேராது" என்றான் அண்ணன். "நான் ஓட்டினதா எழுதிக் குடுத்துடறேன். மாப்பிள்ளை, நீங்க அன்னைக்கு அந்த ரோட்டுலயே இல்லை. சரியா?"

"அப்ப நான் எங்க மச்சான் இருந்தேன்?"

"வீட்டுல படுத்துத் தூங்கிட்டு இருந்தீங்க."

"பகல்ல தூங்க எனக்கு எங்க குடுத்து வச்சிருக்கு? பொய்யிலயாவது தூங்கிக்கறேன், விடுங்க."

மூன்று பேரும் சிரித்தார்கள். அவள்தான் அதிகம் சிரித்தாள்.

விழுந்த ஆளுக்கு ஒரு கீறல்கூட இல்லையென்றால் யார் நம்புவார்கள்? அதனால் அண்ணன் தன் இடது கையை அவளிடம் நீட்டினான். புருஷனின் முழங்கைக்கு வாங்கிய கட்டுத் துணியை அவள் அண்ணனின் நோகாத கையில் சுற்றினாள். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை நன்றாகப் பருமனாகச் சுற்றினாள். நுனியை இழுத்துப் பிடித்துக்கொண்டவர் அவர்தான். அவருக்குத் துணி பற்றவில்லை. சிராய்ப்புதானே, காற்றுப் பட்டால் ஆறிவிடும் என்றார்.

சேதத்தைப் பார்த்து மதிப்புப் போட கம்பெனி ஒரு ஆளை அனுப்பியது. மெக்கானிக் ஷெட்டில் வைத்து, வண்டியின் அடிச்சட்டத்தில் இருந்த நம்பர் மேல் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்தான் அந்த ஆள். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு அண்ணன் முனகினான். கூடப் போயிருந்த அவர், ஷெட்டில் வேலை செய்கிறவர் மாதிரி கையில் ஒரு ஸ்பேனரோடு ஓரமாக நின்றார். வந்த ஆள் அவரைப் பார்த்து, "ஏம்பா, போட்டோ எடுக்கணும், வண்டியைக் கொஞ்சம் நிமித்திப் பிடி" என்றானாம். அவரும் நிமிர்த்திப் பிடித்தாராம்.

வீட்டுக்கு வந்து, "உங்க அண்ணன் முனகின முனகல்ல எனக்கே பாவமாப் போச்சு. சுக்கு காப்பி போட்டுக் குடுத்தனுப்பு" என்றார். சிரிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பினால் என்று அவள் நினைத்தாள்.

வண்டி பளபளவென்று வந்து சேர்ந்த பிறகு, அண்ணன் ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்தான்.

"பிளாஸ்டிக், ரப்பர் சாமானுக்கெல்லாம் தேய்மானம்னு பாதியைக் கழிச்சுட்டான் பாப்பா. பதினெட்டாயிரத்து நானூறு நம்ம கையை விட்டுப் போகுது. மெக்கானிக்கிட்ட கடன் சொல்லி வண்டியை எடுத்தேன். இப்ப அவன் என் கழுத்தைப் பிடிக்கிறான். நான் உங்களைக் கேக்கலை. நீங்களாப் பாத்து ஏதாவது செய்ங்க."

கேட்கவில்லை என்று சொன்னதுதான் அவளைக் கொன்றது. நமக்காகப் பொய் சொன்னவனைக் கடனாளியாக நிற்க வைக்கலாமா? வாரக்கூலி கைக்கு வந்ததும் முதலில் அண்ணன் பங்கை எடுத்துவைத்தாள். மிச்சத்தில்தான் அரிசியும் பருப்பும். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு அனுப்பினாள்.

குத்துக்காலிட்டு வேலை செய்கிற மனுஷன் அப்போதெல்லாம் மண்டியிட்டு வேலை செய்ய ஆரம்பித்திருந்தார். கால்சட்டையின் முட்டி இரண்டும் வெளுத்துத் தேய்ந்து வந்ததை அவள்தானே துவைத்தாள். "உக்காந்தா வயிறு மடங்குது, வலிக்குது" என்றார் ஒருநாள். ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார்.

"இந்த வாரம் அண்ணனுக்குக் குடுத்துடலாம். அடுத்த வாரம் எடுத்துக்கலாம்" என்றாள்.

சரி என்றார். எதற்குத்தான் அவர் சரி சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "எங்கேயாவது விழுந்தாரா? அடி கிடி ஏதாவது பட்டுதா?" என்று கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். பின்னாலிருந்து அண்ணன் கை தோளில் விழுந்தது. கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய், "அதை இப்பப் போய்ச் சொல்லாதே பாப்பா. நான் ஓட்டினதா கையெழுத்துப் போட்டிருக்கேன். கேஸ்னு வந்தா மாப்பிள்ளையும் சேர்ந்து மாட்டுவார். வெறும் வயித்துவலிதானே, மருந்து குடுப்பாங்க" என்றான். அவள் திரும்பி வந்து, "இல்லீங்க டாக்டர், எங்கயும் விழலை" என்றாள். டாக்டர் எழுதிக்கொண்டார்.

ரத்தம் உள்ளேயே கசிந்து நிரம்பியிருக்கிறது என்று அவர்கள் கண்டுபிடித்தபோது நேரம் கடந்துவிட்டது.

நகங்கள் சுத்தமாகிவிட்டன. ஊசியைத் தலையில் செருகிக்கொண்டாள்.

அவர் வேலை பார்த்த மேஸ்திரி உள்ளே வந்து, வாய்க்குள்ளேயே ஏதோ சொல்லி, ஒரு உறையை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனார். கணவரின் கடைசி வாரக்கூலியும், கூட வேலை செய்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டதும். அவள் அடுப்படிக்குப் போய் அதிலிருந்து ஆறாயிரத்து இருநூறு ரூபாயைத் தனியே எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். சவ வண்டி வருவதற்குள் அண்ணன் கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் இந்த வாசலைத் தாண்டும்போது யாருக்கும் பாக்கி இருக்கக் கூடாது. அவருக்கென்று அவளால் செய்ய முடிந்தது இனி அது ஒன்றுதான்.

முடிச்சோடு திரும்பியவள் மெக்கானிக் உள்ளே வருவதைப் பார்த்துத் திக்கென்று நின்றாள். கழுவியும் போகாத கிரீஸ் கையைக் கட்டிக்கொண்டு அவர் பெஞ்சு ஓரமாக வெகுநேரம் நின்றார். சாவு வீடு என்றும் பார்க்காமல் காசு கேட்டு வந்துவிட்டாரே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஜாடை காட்டிப் பின்பக்கம் குழாயடிக்குக் கூட்டிப்போனாள்.

"அண்ணே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். இன்னைக்கு மட்டும் எல்லார் எதிரிலயும் கேட்டுடாதீங்க. பாக்கியை எடுத்து வச்சுட்டேன். அண்ணன் மூலமா உங்களுக்கு வந்துடும்."

"எந்தப் பாக்கிம்மா?"

"வண்டி ரிப்பேர் பாக்கிதான்."

மெக்கானிக் அவளை உற்றுப் பார்த்தார். துக்கத்தில் பிதற்றுகிறாளோ என்று நினைத்திருப்பார்.

"அந்த வண்டிக்கு எனக்கு யாரும் ஒண்ணும் தர வேண்டியதில்லையேம்மா. உங்க அண்ணன் போட்டிருந்தது தேய்மானமே கழிக்காத பாலிசி. கூடக் காசு கட்டிப் போட்டது. மொத்தத்தையும் கம்பெனியே என் கணக்குல போட்டுட்டான். வண்டிக்காரர் பங்குன்னு சின்னதா ஒண்ணு வரும். உடைஞ்ச சாமானை எடுத்துக்கிட்டு அதையும் நான் கழிச்சு விட்டுட்டேன். உங்க அண்ணன் கையிலிருந்து ஒரு டீக்காசுகூட எனக்கு வரலை."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை இறுக்கி மூடினாள். மூடிய பிறகும் கையை எடுக்கவில்லை.

"நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனாம்மா?"

"இல்லண்ணே."

"காசு கேக்க வரலைம்மா. அன்னைக்கு அந்தக் கம்பெனி ஆளு வண்டியை நிமித்திப் பிடின்னு சொன்னப்போ, டைல்ஸ்காரர் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பிடிச்சார். நெத்தியெல்லாம் வேர்த்துக் கொட்டுச்சு. நான் போய்ப் பிடிச்சிருக்கலாம். சும்மா பாத்துட்டு நின்னேன். அது மனசுல கெடந்து அறுத்துச்சு. அதான் வந்தேன்."

அவள் தலையாட்டினாள். "போயிடாதீங்கண்ணே. கொஞ்ச நேரம் இருங்க" என்றாள்.

முன்னறையில் எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள். சவ வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டதாம். அண்ணன் பெஞ்சின் தலைமாட்டில் நின்று தொண்டையைச் செருமினான்.

"எல்லாரும் இருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்லிக்கறேன். மாப்பிள்ளை எனக்குக் கொஞ்சம் தர வேண்டியிருந்துச்சு. எவ்வளவுன்னு சொல்ல மாட்டேன். அதை நான் இன்னையோட விட்டுட்டேன். அவர் கடன்காரரா இந்த வீட்டை விட்டுப் போகலை." குரல் கம்மியது. உண்மையாகவே கம்மியது. கண்ணில் தண்ணீர் நின்றது.

"பெரிய மனசுப்பா" என்று ஒரு பெரியவர் அவன் முதுகைத் தட்டினார்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கைக்குட்டை முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். நோட்டுகளை எடுத்து அண்ணனின் இடது கையைப் பிடித்து அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"ஆறாயிரத்து இருநூறு இருக்குண்ணா. எண்ணிப் பாத்துக்கங்க."

"என்ன பாப்பா இது? நான்தான் விட்டுட்டேன்னு சொல்றேன்ல."

"நீங்க எப்படிண்ணா விட முடியும்? மெக்கானிக் காசுதானே அது. கழுத்தைப் பிடிக்கிறார்னு நீங்கதானே சொன்னீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "அதோ வந்திருக்கார். உங்க கையாலயே குடுத்துடுங்க. இவர் பாத்துட்டுப் போகட்டும்."

அண்ணன் திரும்பினான். சுவரோரமாக மெக்கானிக் நின்றிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு, தரையில் ஒன்றுக்கு ஒன்று சேராத டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. வாய் மட்டும் ஒருமுறை திறந்து மூடியது. பேசியே எதையும் முடிப்பவன் அவன். முதுகைத் தட்டிய பெரியவர் கையை எடுத்துக்கொண்டார்.



"தூக்கலாம், ஆள் வாங்கப்பா" என்று மேஸ்திரி குரல் கொடுத்தார். தலைமாட்டில் பிடிக்க வேண்டியவன் அண்ணன்தான். அவன் அப்படியே நின்றான். மெக்கானிக் நகர்ந்து வந்து, "நான் பிடிச்சுக்கறேன்" என்று குனிந்தார்.

வெளியே சவ வண்டி டிரைவர் ஹாரன் அடித்தான். "வாசலை அடைச்சு நிக்குதே, யாரோட வண்டிங்க இது? கொஞ்சம் தள்ளுங்க."

அண்ணன் படியிறங்கினான். இடது கை, நோட்டுகளோடு விறைத்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது. அந்தக் கையைக் கீழே விடாமல், வலது கையால் மட்டும் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளினான். வண்டி நகரவில்லை. பூட்டியிருந்தது.