மூன்றாவது தடவை வந்த கண்ணீர்

நர்ஸம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த வேலைகள் இரண்டுதான். ஒன்று பிரசவம் பார்ப்பது, இன்னொன்று கடவுளோடு சண்டை போடுவது. ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடிய அடுத்த வருஷம், பிரசவ வலியோடு பக்கத்து ஊருக்குப் போகிற வழியில் ஆம்புலன்ஸிலேயே அவளுடைய மகள் போய்விட்டாள். அன்றிலிருந்து தினமும் காலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கடவுளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பாள். திட்டித் தீர்த்த பிறகு, "சரி, அவளைப் பத்திரமா பாத்துக்கோ" என்பாள். அவளுடைய பிரார்த்தனையே அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் அவளுக்குப் பொழுது விடியாது.

அந்த வார்டைத் திறக்க வைக்கத்தான் தேர்தலில் நின்றாள். எதிராளி கெட்டிக்காரன். வார்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. "இந்தம்மா கும்பிட்டு யாராவது பாத்திருக்கீங்களா?" என்று மட்டும் மேடைக்கு மேடை கேட்டான். ஊர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஓட்டுக் கேட்டுப் போன தெருவிலெல்லாம் அதே பேச்சு.

பிரசாரத்தைக் கவனித்தவன் அவள் கொழுந்தன். கல்யாண வீடியோ எடுப்பவன். பெண்ணைப் பெற்றவர்கள் அழுவதையே "இன்னொரு தடவை" என்று கேட்டு வாங்கியவன்.

"அண்ணி, நீங்க காலைல பேசறத ஒரே ஒரு தடவை எடுத்துக்கறேன். அவன் வாய் அடைஞ்சிரும்."

"அது ஊருக்குக் காட்டறது இல்லப்பா."

"வார்டு வேணுமா வேண்டாமா, அண்ணி?"

சரியென்று தலையாட்டினாள், பாவம்.

மறுநாள் சமையலறையில் லைட் போட்டான். முதல் தடவை அவள் நிஜமாகவே பேசினாள். "திட்டெல்லாம் வேண்டாம் அண்ணி, ஓட்டு போயிரும்" என்றான். இரண்டாவது தடவை திட்டை விட்டுவிட்டாள். "கண்ணை மூடிக்கோங்க. மக பேரைச் சொன்னதும் கொஞ்சம் நிறுத்துங்க." மூன்றாவது தடவை மூடினாள், நிறுத்தினாள், கண்ணீர் சொன்ன இடத்தில் வந்தது. கேமராவுக்குப் பின்னால் அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

ஊரே பார்த்து உருகியது. எதிராளி மட்டும், "நல்லா நடிக்கறாங்க" என்றான். அந்தத் தேர்தல் முழுக்க அவன் சொன்ன ஒரே உண்மை அது.

ஓட்டுப்பதிவு அன்று காலை வழக்கம்போலப் பாத்திரத்தை எடுத்தாள். மகள் பெயரைச் சொன்னாள். கண் தானாக மூடிக்கொண்டது. அந்த இடத்தில் வாய் தானாக நின்றது. அப்புறம் திட்டலாம் என்று பார்த்தால் ஒரு வார்த்தை வரவில்லை.

"என்ன, இன்னைக்கு சத்தத்தையே காணோம்?" என்று கூடத்திலிருந்து கணவர் கேட்டார்.

"கேக்கறதுக்கு அங்க யாரும் இல்லங்க" என்றாள்.

ஓட்டுச்சாவடி வாசலில் ஒரு நிறைமாதக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வார்டு எப்போது திறக்கும் என்று அவள்கூடக் கேட்கவில்லை.

"எனக்காகவும் வேண்டிக்கோங்கம்மா."

நர்ஸம்மா கண்ணை மூடி, கொஞ்சம் நிறுத்தி, "வேண்டிக்கறேம்மா" என்றாள்.