பட்டருக்குப் பேறுகாலம்

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருவது ஊர் வழக்கம். முத்துவடிவின் மகள் அபியும் அந்த வழக்கத்தை மீறவில்லை. கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து, பெங்களூரிலிருந்து காரில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிக்கொண்டு தென்காசிக்கு வந்து இறங்கினாள். என்ன, அந்தப் பிள்ளைத்தாய்ச்சிக்கு வாலும் மீசையும் இருந்தன.

வெண்ணெய் நிறம் என்பதால் பூனைக்குப் பெயர் பட்டர்.

"ஆபீஸ்ல ரெண்டு மாசம் ஜெர்மனிக்கு அனுப்புதாங்கம்மா. இவ ரொம்ப சென்சிட்டிவ், சத்தம் ஆகாது. அப்பாட்ட சொல்லி வையி" என்றாள் அபி.

அப்பா சுடலையாண்டி, சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்குள் மிளகாய்ப்பொடி எங்கே என்று கேட்டாலே தெருமுனையில் போகிறவன் கையைத் தூக்கிவிடுவான். பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுகிற மனிதர். இப்போது பூனை வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் போனதால், முதல் வாரம் முழுக்கத் தண்ணீராகக் குடித்துத் தீர்த்தார்.

"பட்டருக்கு வாந்தி, பட்டருக்கு மசக்கைன்னு வாசல்ல நின்னு பேசாதட்டி. கோயில் பட்டர் காதுல விழுந்தா என்ன நெனைப்பாரு" என்று மனைவியை எச்சரித்தார்.

மனிதருக்கு ஓய்வுபெற்ற பிறகு அதிகாரம் செய்ய ஆள் இல்லாமல் இருந்தது. அபி போனில் அனுப்பும் உத்தரவுகளை நிறைவேற்றுவதில் அந்தக் குறை தீர்ந்தது. சினைப்பூனைக்குக் குட்டிகளுக்கான தீனிதான் சத்து என்று அபி சொன்னதும், கடையில் இல்லாததை வரவழைத்தார். டிவி வந்த அட்டைப்பெட்டியை ஒரு பக்கம் அறுத்து, முத்துவடிவின் பழைய பருத்திச் சேலைகளை மடித்து விரித்து, தம் அறையின் இருட்டு மூலையில் வைத்தார். மிக்ஸி ஓட்டத் தடை. அரைக்க வேண்டியதை முத்துவடிவு அம்மியில் அரைத்தாள். மாட்டு டாக்டர் எபனேசரை வீட்டுக்கே வரவழைத்தார்.

டாக்டர் பட்டரின் வயிற்றை மெல்லத் தடவிப் பார்த்தார். "நல்லா இருக்கு அண்ணாச்சி. நீங்கதான் கொஞ்சம் நிம்மதியா இருக்கணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்திருந்தது. நண்பர்களோடு ஐந்தருவிக்குப் போவதற்காகத் தலையில் எண்ணெய் தேய்த்து, தோளில் துண்டோடு சுடலையாண்டி கிளம்பும்போது, பட்டர் பெட்டிக்குள் போய் மூச்சிரைக்க ஆரம்பித்தது. அவர் வாசலுக்கு வந்தால் அதுவும் வயிற்றைச் சுமந்துகொண்டு அழுதபடி பின்னால் வந்தது. அவர் பெட்டி அருகே உட்கார்ந்தால் படுத்தது. எழுந்தால் எழுந்தது. முத்துவடிவு பக்கத்தில் இருந்து கூப்பிட்டுப் பார்த்தாள். அவளை அது ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. கடைசியில் அவர் எண்ணெய்த் தலையோடு தரையில் சம்மணம் போட்டார்.

போன் அடித்தது. நண்பர் இசக்கி.

"வர முடியாதுலே. ஒரு கேஸ் விஷயமா இருக்கேன்" என்று சுடலையாண்டி கிசுகிசுத்தார். அவருக்குக் கிசுகிசுக்கத் தெரியும் என்பதே முத்துவடிவுக்கு அன்றுதான் தெரிந்தது.

"பூனைக்குப் பேறுகாலம் பாக்கேன்னு சொல்லுததுதானே. கௌரவக் குறைச்சலா?"

"சும்மா இரிட்டி. அதுக்கு வலி எடுக்கு."

"எனக்கும்தான் எடுத்துச்சு. நீங்க மெயினருவியில சீசன் பந்தோபஸ்துக்கு நின்னிய. மூணாம் நாள் வந்து, மூக்கு யாரு மாதிரின்னு கேட்டிய."

"லீவு குடுக்கலட்டி."

"இன்னைக்கு யாரு குடுத்தா?"

நல்லவேளை, முதல் குட்டி வந்து அவரைக் காப்பாற்றியது. சற்று நேரத்தில் இரண்டாவது. பட்டர் இரண்டையும் நக்கிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது வந்து, உறை கிழியாமல் அப்படியே கிடந்தது. தாய் திரும்பிப் பார்க்கவில்லை.

சுடலையாண்டி விரலால் உறையைக் கிழித்தார். குட்டி அசையவில்லை. மூக்கையும் வாயையும் துடைத்து, அருவிக்கென்று எடுத்த துண்டில் பொதிந்து தேய்த்தார். எத்தனையோ பேரை நடுங்க வைத்த அந்த வாய், "மூச்சு விடுட்டி" என்று குட்டியிடம் கெஞ்சியது. அதைச் சொல்லிக் குத்திக்காட்ட முத்துவடிவுக்கு நாக்கு வரை வந்தது, சொல்லவில்லை. குனிந்து, "மெல்லத் தேயுங்க. தலைய நல்லாப் பிடிச்சுக்கிடுங்க" என்றாள்.

கதவு கிறீச்சிடுவதைப் போல ஒரு சின்னச் சத்தம் வந்தது. குட்டி வாயைத் திறந்தது.

அவர் அதைத் தாயின் மடியில் வைத்தார். பிறகு, பூனையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏட்டி, அபி பொறக்கும்போது ரொம்பக் கஷ்டப்பட்டியோ?"

"இல்ல, சிரிச்சுக்கிட்டே பெத்தேன்."

"கூட யாரு இருந்தா?"

இருபத்தெட்டு வருஷத்தில் அவர் கேட்காத கேள்வி. "எங்கம்மா இருந்தா. நீங்க வந்துருவியன்னு ராத்திரி பூரா வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்" என்றாள் முத்துவடிவு. குரலில் கிண்டல் கொஞ்சம் குறைந்துபோனது அவளுக்கே பிடிக்கவில்லை.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எழுந்திருக்கப் பார்த்தார். பட்டர் அவர் மணிக்கட்டில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தது.

முத்துவடிவு அடுப்படிக்குப் போய், தட்டில் சோறு போட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"ஒரு கை சும்மாதானே இருக்கு, சாப்பிடுங்க. ஊட்டியெல்லாம் விட முடியாது."

சொல்லிவிட்டு, அவளும் சுவரில் சாய்ந்து அங்கேயே உட்கார்ந்தாள்.