கோப்பில் உள்ளபடி ஒரு கேக்

கேப்டன் வெர்லின் ஹாக்ஸ்டட் குடியை விட்ட கதையைக் கம்பெனி சுவரொட்டியாக அடித்து, மினியாபொலிஸ் விமான நிலையத்தில் ஊழியர்கள் நடமாடும் பாதை முழுக்க ஒட்டியிருந்தது. படத்தில் அவர் தூரத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். உண்மையில் அவர் பார்த்தது காபி இயந்திரத்தை. படம் எடுத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

பக்கத்தில் நிற்பதுதான் எனக்கு வேலை. அதற்குப் பதின்மூன்று மாதங்களுக்கு முன்னால், காலை விமானத்தை ஓட்ட வந்தவரின் மூச்சில் விஸ்கி வாசனை அடித்து, பாதுகாப்புச் சோதனை வரிசையிலேயே பிடித்துவிட்டார்கள். சிகிச்சை முடித்து, பறக்கும் தகுதிச் சான்றைத் திரும்ப வாங்குகிற வரைக்கும், ஏற்கெனவே குடித்துத் திருந்திய விமானி ஒருவர் அவரைக் கவனித்து மாதாமாதம் அறிக்கை எழுத வேண்டும். அந்தத் திருந்திய ஆத்மா நான். டூலி, துணை விமானி. மதுவைக் கடைசியாகத் தொட்டு ஏழு வருஷம் ஆகிறது.

கேப்டனுக்கு அறுபத்து மூன்றரை வயது. அறுபத்தைந்தில் கட்டாய ஓய்வு. நடுவில் ஒரு தடவை குடித்து வழுக்கினாலும் எல்லாம் ஆதியிலிருந்து. இரண்டாம் முறைக்குக் குறைந்தது ஒன்றரை வருஷம். அப்புறம் அவர் விமானத்தில் உட்காருவதென்றால் டிக்கெட் வாங்கித்தான்.

அவரைப்போல் ஒழுங்காகத் திருந்தியவர் எங்கள் கம்பெனியில் இல்லை. குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டம் வாரத்துக்கு நாலு, லூத்தரன் சர்ச்சின் நிலவறையில், முதல் வரிசையில். கலர் கலராகத் தாள் பிரித்த தடிமனான கோப்பு மடியில். "நான் வெர்லின். நான் ஒரு குடிகாரன்" என்பதை, "முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் பறந்துகொண்டிருக்கிறோம்" என்று சொல்லும் அதே குரலில் சொல்வார். கேட்பவர்கள் சீட் பெல்ட்டைத் தேடுவார்கள். தினம் நாலு வேளை கையடக்கக் கருவி ஒன்றில் ஊத வேண்டும். அது அவர் முகத்தைப் படம்பிடித்து, மூச்சில் மது எவ்வளவு என்று அளந்து டாக்டருக்கும் தலைமை விமானிக்கும் அனுப்பிவிடும். ஊதுவதற்கு முன் தலை வாரிக்கொள்வார்.

காரில் ஏறியதும் குரல் மாறும்.

"ஏன்டா டூலி, நெஜமாவே நான் குடிகாரன்னு நம்பிட்டியா? கீழே எறங்க அனுமதி வேணும்னா, கன்ட்ரோல் டவர்ல இருக்கறவன் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லணும். அதைத்தான் நான் செய்யறேன்."

"சரி கேப்டன்" என்பேன். அவரிடம் பறக்கக் கற்ற பழக்கம்.

மாத அறிக்கைக்கு ஒரு பட்டியல் உண்டு. நான் வாசிப்பேன், அவர் பதில் சொல்வார். விமானத்திலும் இதே முறைதான்: ஒருவர் வாசிக்க, மற்றவர் அந்தந்த விசையைத் தொட்டு, கண்ணால் பார்த்து, பிறகே பதில் சொல்ல வேண்டும். இருபது வருஷம் ஓட்டியவர்கள் எவரும் தொடுவதில்லை. வாய் தானாகச் சொல்லிவிடும்.

"குடிக்கத் தோணுச்சா?"

"இல்லை."

"தூக்கம்?"

"நல்லா இருக்கு."

"வீட்ல?"

"சுமுகம்."

சுமுகம் என்று எழுதினேன். அவர் மனைவி லோர்னா அதற்கு முந்தின வாரமே டுலூத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பெட்டியோடு போய்விட்டாள். எனக்கு அது தெரிய மூன்று மாதம் ஆயிற்று.

ஜனவரியில், டாக்டர் சான்றில் கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாள், தலைமை விமானி ராய்ஸ் பெலண்ட் ஒரு பாராட்டு விழா வைத்தார். விழாவுக்கும் பட்டியல் உண்டு. அரங்கு, பதாகை, நாற்காலி, கேக். கேக்குக்கு எதிரே "கோப்பில் உள்ளபடி" என்று இருந்தது. செயலாளர் மார்சி கையெழுத்துப் போட்டாள், ராய்ஸ் போட்டார், சரிபார்த்தவர் என்ற இடத்தில் நான் போட்டேன். அலுவலகத்தில் இருந்த அந்தக் கோப்பு, கேப்டனின் இருபத்தைந்தாண்டு சேவை விழாவின்போது தயாரித்தது. பிடித்த கேக்: ரம்மில் ஊறியது. மூன்று பேரில் ஒருத்தரும் கோப்பைத் திறக்கவில்லை.

"நம்முடையது கம்பெனி அல்ல, குடும்பம்" என்று ராய்ஸ் பேச ஆரம்பித்ததும் தட்டுகள் வந்தன. நாக்கில் பட்ட உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. காகிதத் துடைப்பானில் துப்பிவிட்டு நிமிர்ந்தேன். கேப்டன் தட்டை முள்கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தார். மார்சி இரண்டாவது துண்டை நீட்டினாள், வாங்கிக்கொண்டார். மூன்றாவதை அவரே எடுத்துக்கொண்டார். யாரோ கூப்பிட்ட மாதிரி முகம் மேசைப் பக்கமே திரும்பியிருந்தது.

மூன்று மணிக்குக் கருவி கூவியது. தலை வாராமல் ஊதினார். அடுத்த நொடி ராய்ஸின் சட்டைப்பையில் ஃபோன் அலறியது. குடும்பத்தைப் பற்றிய வாக்கியம் பாதியில் நின்றது. ராய்ஸின் உதட்டிலும் கேக் ஒட்டியிருந்தது.

கால் மணி நேரம் கழித்து, வாய் கொப்பளித்து மறுபடி ஊதியபோது அளவு வரம்புக்குக் கீழே வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். ராய்ஸ் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"டூலி, நீ பக்கத்துலதானே இருந்த? ஒரு வாய், தெரியாம சாப்பிட்டாருன்னு எழுதிக் குடுத்துடு. டாக்டர் ஒத்துக்குவாரு. போஸ்டர் நானூறு அடிச்சு வச்சிருக்கோம்பா."

வண்டி நிறுத்துமிடத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் காரில் நானும் கேப்டனும் உட்கார்ந்தோம். அறிக்கைத் தாளை எடுத்தேன்.

"நீ துப்பிட்டே இல்ல?" என்றார். "பாத்தேன்."

"நீங்க எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"தட்டு வர்றப்பவே. வாசனை." கார்க் கண்ணாடியின் துடைப்பான் ஆடுவதைப் பார்த்தார். "படி. முடிச்சுடலாம்."

"எத்தனை துண்டு?"

"ஒண்ணு."

"தெரிஞ்சு சாப்பிட்டீங்களா?"

"இல்லை."

வாய் தானாகச் சொன்ன பதில்கள். என் பேனாவும் தானாகவே இறங்கப் பார்த்தது. நிறுத்தினேன்.

"கேப்டன், இப்படி இல்ல. எனக்கு நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி. தொட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க. எத்தனை துண்டு?"

அவர் தலைக்கு மேலிருந்த வெயில் தடுப்பை இறக்கி, அதன் சின்னக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார்.

"மூணு" என்றார். அந்த முப்பத்தைந்தாயிரம் அடிக் குரல் இல்லை. "நாலாவது இங்க இருக்கு."

சீருடைக் கோட்டின் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய கேக்கை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார்.

"பதிமூணு மாசம் பொய்தான் சொல்லிட்டிருக்கேன்னு நெனச்சேன் டூலி. கடைசில நான் சொன்னதுலயே உண்மை, குடிகாரன்னு சொன்னது ஒண்ணுதான் போலருக்கு."

"இதை எழுதினா இனிமே பறக்க முடியாது."

"தெரியும். எழுது. நான் மாத்திச் சொல்றதுக்குள்ள எழுதிடு."

மூன்று என்று எழுதினேன். தெரிந்தே என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். கேக் நடுவிலேயே இருந்தது. பத்தடி தள்ளிக் குப்பைத்தொட்டி. கார் முழுக்க ரம் வாசனை. புயலில் விமானம் இறக்கிய இரண்டு ஆண்கள், அதைக் கையால் தொடப் பயந்து உட்கார்ந்திருந்தோம். கடைசியில் பனி வழிக்கும் வண்டிக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டு, தூக்கிப் போடச் சொன்னேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு?" என்று வாயில் போட்டுக்கொண்டு போனார். கேப்டனின் கண்கள் அவர் பின்னாலேயே போயின.

சான்று வரவில்லை. சுவரொட்டிகள் ஒரே இரவில் காணாமல் போயின. "ஒண்ணுன்னு எழுதினா உன் கை உடைஞ்சிருக்குமா?" என்ற ராய்ஸ், அதன்பின் என்னிடம் பேசுவதில்லை. கம்பெனி நடந்ததைத் தீவிரமாக ஆராய்ந்து, விழாப் பட்டியலில் நாலாவது கையெழுத்துக்கு ஒரு கட்டம் சேர்த்தது.

சர்ச் நிலவறையில் கேப்டன் இப்போது கடைசி வரிசையில் உட்காருகிறார். கோப்பு இல்லை. போன செவ்வாய்க்கிழமை அவர் முறை வந்தது. "நான் வெர்லின்" என்றார். அடுத்த சொற்களுக்காக எல்லோரும் காத்திருந்தோம். பதில் சொல்லுமுன் விசையைத் தொடுபவர்போல, அவர் முழங்காலைத் தொட்டபடி குனிந்தே இருந்தார்; இந்தத் தடவை வாய் தானாகச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் கதையைத் தொடங்கினார்.