துண்டு வெள்ளையாக இருந்த சனிக்கிழமை

என் தம்பி ஜிகுர்ட்ஸ் குளிர்காலம் முழுக்க இருமினான். புகையிலை என்றான். இளைத்தான்; வயசு என்றான். ராத்திரியில் சட்டையைப் பிழிகிற அளவுக்கு வியர்த்தது. நான் அடுப்பில் விறகை அள்ளி வைப்பதால்தான் என்றான். எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சளியைச் சோதித்த டாக்டரம்மா ஒரே பதில் சொன்னார்: காசநோய்.

என்னையும் சோதித்தார்கள், ஒன்றுமில்லை. அவன் பாடுகிற ஊர்ப் பாடகர் குழுவில் கட்டைக்குரல் வரிசை முழுவதும் டப்பாவில் துப்பிக் கொடுத்தது. துப்புகிற சத்தத்தில் மட்டும் அவர்களுக்குள் சுருதி சேரவில்லை. நல்லவேளை, யாருக்கும் நோயில்லை.

இரண்டு மாத மாத்திரையில் சளி சுத்தமானது. இனி யாருக்கும் ஒட்டாது, மொத்தம் ஆறு மாதம் விழுங்க வேண்டும், விடாமல் விழுங்கிவந்தால் ஜூலையில் தலைநகர் ரீகாவில் நடக்கிற பாட்டுத் திருவிழாவில் பாடலாம் என்றார் டாக்டரம்மா. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வருகிற திருவிழா. ஜிகுர்ட்ஸுக்கு வேறு ஆசையே கிடையாது.

இடையில் வேட்டைக்கார நண்பன் ஒருவன் காட்டில் வளை தோண்டி வாழ்கிற வளைக்கரடியின் கொழுப்பு ஒரு ஜாடி கொண்டுவந்தான். நெஞ்சு நோய் என்றால் எங்கள் பக்கம் எல்லாரும் தின்பதுதான். தம்பி அதைச் சூடான பாலில் கலந்து குடித்தான். கன்னம் உப்பியது.

அந்த மாத்திரை வியர்வையை ஆரஞ்சு நிறமாக்கும். சனிக்கிழமை நீராவிக் குளியலில் அவன் துடைத்த துண்டைத் துவைத்தே என் கை ஓய்ந்திருந்தது. ஜூனில் ஒரு சனிக்கிழமை துண்டு வெள்ளையாக வந்தது.

"மாத்திரைய என்னடா பண்ற?"

"கொழுப்புதான் குணமாக்குச்சு அக்கா. மாத்திரை வயித்தப் புரட்டுது. செடிக்குப் போட்டுட்டேன்."

"நல்லது. செடிக்கு இனி காசநோயே வராது."

பாதியில் விட்டால் மிச்சக் கிருமி அப்புறம் மருந்தையே மதிக்காது என்று சொன்னேன். திருவிழா முடிந்ததும் போடுகிறேன், யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினான். கெஞ்சிப் பழக்கமில்லாதவன். மறுநாள் நானே போய் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். சளி மறுபடி சோதனைக்குப் போனது. கிருமி வளர்கிறதா என்று தெரிய வாரக்கணக்கில் ஆகும், அதுவரை பாட்டுக் கிடையாது என்றார். அன்றோடு தம்பி என்னிடம் பேச்சை நிறுத்தினான். தினமும் நர்ஸ் வந்து நிற்க, அவள் எதிரில் விழுங்கி, வாயைத் திறந்து காட்டினான்.

குழு பஸ் ஏறியது. நர்ஸும் அதில் பாடுகிறவள். மாத்திரையை என்னிடம் கொடுத்துவிட்டு அவளும் போய்விட்டாள். திருவிழாவின் நிறைவு நாளன்று அன்றைய மாத்திரை காலையிலிருந்து மேஜையில் அப்படியே கிடந்தது. சாயங்காலம் ஜிகுர்ட்ஸ் திருவிழாச் சட்டையைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் நின்று, அதில் வந்த நிறைவுப் பாட்டோடு தன் பாகத்தைப் பாடினான். கட்டைக்குரலைத் தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது. எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் மறுபடி அப்படி நடந்தால் மறுபடி போய்ச் சொல்வேன்.

பாட்டு முடிந்தது.

"அக்கா, தண்ணி குடு."

மாத்திரையை விழுங்கிவிட்டு, நான் கேட்காமலே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினான். குனிந்து பார்த்தேன். கண்ணில் நீர் முட்டியதால் இன்னொரு தடவை காட்டச் சொன்னேன்.