எல்லார் பேச்சும் ஒரே வரியில்

எனக்குக் காது கேட்காது. பக்கத்தில் வந்து கத்தினால் கொஞ்சம் கேட்கும் என்கிற கதையெல்லாம் இல்லை. சுத்தமாகக் கேட்காது. கொதிகலன் செய்யும் பட்டறையில் இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்தே காலத்தை ஓட்டியவன் நான். ஓய்வு கொடுத்து அனுப்பிய அன்று மேலதிகாரிகள் வரிசையாக எழுந்து என்னைப் பற்றிப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை தெரியாது, புகழ்ந்திருப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். காதுக்கருவியும் மாட்டிப் பார்த்தேன். பட்டறை முழுவதும் மண்டைக்குள் குடிவந்த மாதிரி இரைச்சல். கழற்றி அலமாரியில் போட்டுவிட்டேன்.

அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. என் மனைவியின் வாயசைவு எனக்குப் படிக்க வரும். உதட்டை நன்றாகக் குவித்து விரித்து, சொல்லைக் கொஞ்சம் மென்று பேசுவாள். மற்றவர்கள் பேசினால் மீன் வாய் திறந்து மூடுகிற மாதிரிதான் தெரியும்; என்ன சொன்னார்கள் என்று அவளைத் திரும்பிப் பார்த்தால் அவள் சொல்லிவிடுவாள். அவள் ஒருத்தி இருந்தால் போதும் என்று நானும் வேறு யார் வாயையும் படிக்க மெனக்கெடவில்லை.

அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்க ஆரம்பித்ததும் மகன் காரில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நானும் போனேன். கட்டிலில் படுக்க வைத்து முகத்தில் ஒரு மூடியை மாட்டினார்கள். வாய் மறைந்துபோனது. எனக்கு உயிரே போனது. "என்னடி ஆச்சு? என்ன பண்ணுது உனக்கு?" என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். ஆனால் அந்த நீளமான அறையில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. ஒரு நர்ஸ் ஓடிவந்தாள். மகன் என் கையைப் பிடித்து, பள்ளிக்கூடத்தில் சேட்டை செய்த பிள்ளையை இழுத்துப்போகிற மாதிரி வெளியே கூட்டிவந்தான். அவன் முகம் சிவந்திருந்தது.

மறுநாள் வீட்டில் ஃபிரிட்ஜ் பக்கத்தில் தொங்கும் வெள்ளைப் பலகையில் எழுதினான். 'அம்மா நல்லா இருக்காங்க. தொற்று வரும்னு யாரையும் உள்ளே விடலை.' அதற்கடுத்த நாளும் அதேதான். 'அம்மா தேறிட்டு வர்றாங்க.' அடுத்த ஊரில் இருக்கும் மகளும் வந்து சேர்ந்தாள். அவள் கண் வீங்கியிருந்தது. என்ன என்று கேட்டேன். 'பஸ்ஸில் தூக்கமில்லை' என்று பலகையில் எழுதினாள். நம்பினேன். என் பிள்ளைகள் பரீட்சை மார்க்கைத் தவிர வேறு எதிலும் பொய் சொன்னதில்லை.

நான் நாள் முழுக்க லேப்டாப்பே கதி என்று கிடந்தேன். மகனுடைய பழைய லேப்டாப் அது. சீட்டு விளையாடிக்கொள்ளுங்கள் என்று தந்தபோது ஒரே ஒரு கட்டளை போட்டான். 'எதையும் டவுன்லோட் பண்ணக் கூடாது. உள்ளே இருக்கிறதே போதும்.' ஒரு தடவை நான் எதையோ இறக்கப்போய் அவனுடைய பேங்க் கணக்கு மாட்டிக்கொள்ள இருந்தது. அன்றிலிருந்து அது சட்டம். சரி, உள்ளே இருப்பதைத்தானே பார்க்கலாம்? ஒரு மெஷின் கையில் கிடைத்தால் கடைசி நட்டு வரை கழற்றிப் பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை நான். எழுத்தைப் பூதமாக்கிக் காட்டும் பூதக்கண்ணாடி உள்ளேயே இருந்தது. அலாரம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? திரையைப் படம் பிடித்து வைக்கும் கத்தரிக்கோல் இருந்தது. கணக்குப் போடும் பெட்டியைத் தட்டிப் பார்த்தால் அங்குலத்தை மில்லிமீட்டராக மாற்றித் தந்தது. பட்டறையில் இதற்காக நாங்கள் சட்டைப் பையில் அட்டை வைத்துக்கொண்டு அலைந்தோம். வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சீட்டு விளையாடுகிறேன் என்றுதான் நினைப்பு. நானும் திருத்தவில்லை.

மைக் அகப்பட்டது தற்செயலாகத்தான். நோட்பேடைத் திறந்து மனைவிக்கு என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தேன். சன்னல் படம் போட்ட பொத்தானோடு வேறு ஏதோ சேர்ந்து அமுங்கிவிட்டது. திரையில் ஒரு மைக் படம் வந்து நின்றது. நான் எதையும் தொடவில்லை, ஆனால் எழுத்து தானாக ஓட ஆரம்பித்தது. 'இல்லடி இன்னும் சாப்பிடல மாமா வேற காலையில இருந்து அந்த லேப்டாப்ப கட்டிக்கிட்டு அழறாரு குளிக்கவும் இல்ல.'

நிமிர்ந்து பார்த்தேன். மருமகள் சமையலறை வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் வாய் அசைந்தது. திரையில் எழுத்து ஓடியது. வாய் நின்றது. எழுத்தும் நின்றது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பேசி எழுதுகிறவர்களுக்காக வைத்த வசதி அது. கை வலிக்கிறவன் வாயால் சொன்னால் மெஷின் எழுதும். நான் அதைத் தலைகீழாக்கிவிட்டேன். அவர்கள் பேசட்டும், நான் படிக்கிறேன். இத்தனை வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த வீட்டுப் பேச்சு முழுவதும் கண்ணெதிரே வந்து விழுந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசாவிட்டால் மைக் தூங்கிவிடும். மறுபடி தட்டி எழுப்ப வேண்டும். கமா கிடையாது, புள்ளி கிடையாது, யார் பேசினாலும் ஒரே வரியில் கோத்துக்கொண்டே போகும். சில இடத்தில் உளறவும் செய்தது. 'குக்கரை இறக்கு' என்று மருமகள் சொன்னதை 'கூட்டரை இரங்கு' என்று எழுதியது, குக்கர் அடுப்பிலிருந்து இறங்கியதைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. போகட்டும். என்னைவிட நன்றாகத்தானே கேட்கிறது?

யாரிடமும் சொல்லவில்லை. அவள் வந்ததும் முதலில் அவளிடம் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன். நெஞ்சு நோவோடு வருகிறவள் எனக்காக வாயைக் குவித்து விரித்துச் சிரமப்பட வேண்டாம். படுத்தபடி முணுமுணுத்தால் போதும், மெஷின் எழுதிக் கொடுக்கும். அதற்காக எழுத்தைப் பெரிதாக்கி, பக்கத்தை வெள்ளையிலிருந்து கறுப்பாக்கி, எல்லாம் தயார் பண்ணினேன். ஒத்திகை பார்க்கத்தான் ஹாலில் நடுவாக உட்கார்ந்து கேட்டேன். முதலில் வந்ததெல்லாம் என்னைப் பற்றிய குறைதான். பாத்ரூமில் தண்ணீரைத் திறந்து விட்டுவிடுகிறேனாம், டம்ளரை ஓங்கி வைக்கிறேனாம். எனக்குச் சத்தம் கேட்டால்தானே ஓங்கினது தெரியும்? உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் மூன்று பேரும் ஹாலில் கூடினார்கள். நான் மேஜையில் லேப்டாப்போடு இருந்தேன். யாரும் குரலைத் தாழ்த்தவில்லை என்று எழுத்து தெளிவாக வந்ததிலிருந்தே தெரிந்தது. எதற்குத் தாழ்த்த வேண்டும்? செவிடன் காதில் ஊதிய சங்குதானே. அவர்கள் வேறு அறைக்குப் போயிருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. என் எதிரிலேயே உட்கார்ந்து பேசிப் பேசி அவர்களுக்குப் பழகிவிட்டது.

எழுத்து ஓடியது. யார் வாய் அசைகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துப் படித்தேன்.

மகன்: 'சாயங்காலம் மெஷின எடுத்துடலாமான்னு டாக்டர் கேக்கறாரு மூளைக்கு ரத்தமே போகலையாம் இனிமே வெச்சிருந்து பிரயோஜனம் இல்லையாம்.'

மகள்: 'அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம்ணா.'

மகன்: 'வேணாம் அவர் ஹார்ட் தாங்காது எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்.'

எழுத்து என் கண்ணில் ஏறவில்லை. மெஷின் உளறுகிறது என்று நினைத்தேன். கூட்டரை இரங்கு மாதிரி இதுவும் ஏதோ தப்பு. வேறு எதையோ சொல்கிறார்கள், இது வேறு எதையோ எழுதுகிறது. மகளைப் பார்த்தேன். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். திரையைப் பார்த்தேன்.

'புதன்கிழமை வரைக்கும் அம்மாவுக்கு நல்லா நினைவு இருந்துச்சு என் கைய புடிச்சிட்டு உங்க அப்பா எங்க அவர கூட்டிட்டு வான்னு அதையேதான் கேட்டாங்க நான் நாளைக்கு நாளைக்குன்னு சொல்லிட்டே இருந்தேன்.'

மகன் வாய் அசைந்தது. 'கூட்டிட்டுப் போனா அங்க என்ன கத்து கத்துவாருன்னு உனக்குத் தெரியாதா அன்னிக்கே தலைய தூக்க முடியல.'

மருமகள் ஏதோ சொன்னாள். 'இப்ப பேசி என்ன ஆகப்போகுது விடுங்க.'

நான் எழுந்தேன். நாற்காலி விழுந்தது. மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கிளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

மகன் அவசரமாகப் பலகையை எடுத்தான். 'அம்மா தூங்கறாங்க. நாளைக்கு' என்று எழுதிக்கொண்டிருந்தான். நான் லேப்டாப்பை அப்படியே அவர்கள் பக்கம் திருப்பினேன். எழுத்தை எனக்காகப் பெரிதாக்கி வைத்திருந்ததால் அவர்கள் இருந்த இடத்திலிருந்தே படிக்க முடிந்தது. மகன் கையில் பேனா அப்படியே நின்றது. மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் வாய் சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது. எட்டிப் பார்த்தபோது கடைசி வரியில் புதிதாக விழுந்திருந்தது: 'ஐயோ அப்பா எல்லாத்தையும் படிச்சிட்டாரு.'

"ஆமா, படிச்சிட்டேன். புதன்கிழமை வரைக்கும் கேட்டிருக்கா. அத்தனை நாளும் நான் இங்கதானே குத்துக்கல்லாட்டம் உக்காந்திருந்தேன்? எனக்குக் காதுதான்டா போச்சு. நான் செத்தா போயிட்டேன்?"

மகன் ஏதோ சொன்னான். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். திரையில் வந்திருக்கும். நான் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை. என் நெஞ்சைக் காப்பாற்றுவதற்காக என்று எழுதியிருப்பான். அதில் பொய்யும் இருக்காது. ஆனால் அவனுக்கு என் நெஞ்சைவிட என் குரல்தான் பெரிய பயம். செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். அவன் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். ஒரு சிக்னலில் கை ஸ்டீயரிங்கில் இருக்க, தோள் குலுங்கியது. அழுகிறான் என்று தெரிந்தது. எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. வர வேண்டிய நேரமும் அது இல்லை.

இந்தத் தடவை வேறு அறை. கண்ணாடிக் கதவு. அவளைச் சுற்றி நாலைந்து மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மெஷின் ஓடுகிறது என்று எனக்குத் தரை வழியாகக் காலில் தெரியும். அவள் சின்னதாகிப் போயிருந்தாள். வாயில் குழாய். குழாய் நகராமல் இருக்க உதட்டின் மேலும் கீழும் அகலமாக டேப் ஒட்டியிருந்தார்கள். உதடு எங்கே முடிகிறது, டேப் எங்கே ஆரம்பிக்கிறது என்றுகூடத் தெரியவில்லை.

குனிந்து காதருகில் பேசினேன். "வந்துட்டேன். இவங்க சொல்லலடி. நீ கூப்பிட்டது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நடந்தே வந்திருப்பேன். கோவிச்சுக்காத." எந்த அளவு குரலில் சொன்னேன் என்று தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு நர்ஸ்கள் எழுந்து நின்றார்கள். மகன் என் தோளைத் தொட வந்தான். மகள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். இனி அவள் வாயைக் குவித்து விரிக்க வேண்டாம், முணுமுணுத்தாலே லேப்டாப் எழுதிக் கொடுக்கும் என்று கண்டுபிடித்ததையும் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு மயிரிழை அசைவு இல்லை. கை மட்டும் சூடாக இருந்தது. அந்தச் சூட்டை நம்பி இன்னும் கொஞ்சம் பேசினேன்.

டாக்டர் உள்ளே வந்தார். சின்ன வயசுக்காரர். யாரோ அவரிடம் என் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். மற்றவர்கள் மாதிரி மகனிடம் போய் நிற்காமல் நேராக என் முன்னால் வந்து நின்று, என் கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசினார். நல்ல மனுஷர். முழுதாகச் சொல்லி முடித்துவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தார். மகன் தலையைக் குனிந்துகொண்டான். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. நான் கட்டில் பக்கம் திரும்பி அவள் முகத்தைப் பார்த்து, "என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.