கூட்டிப் பெருக்கிய காடு

காட்டை அதன் முதலாளி விற்கப்போகிறார் என்று தெரிந்ததும் ரம்பக்காரருக்குத் தூக்கம் போய்விட்டது. அவர் வீடு அந்தச் சரிவுக்கு நேர் கீழே. பக்கத்துச் சரிவை மொட்டையடித்த வருஷம் மழையில் மண் இறங்கி அவருடைய அண்ணன் வீட்டை மூடியது. அண்ணனைத் தோண்டி எடுத்தபோது வாயெல்லாம் சேறு. மொட்டையடித்ததில் ரம்பக்காரரும் கூலி வாங்கியவர்தான்.

ஊரே சேர்ந்து காட்டை வாங்கிப் பாதுகாப்பதானால் அரசாங்கம் பணம் தரும் என்றார்கள். அதிகாரி வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"வர்றவங்க பாத்ததும் அசந்து போகணும்," என்றார் ரம்பக்காரரின் மச்சான். "நாம என்ன சோம்பேறிங்களா?"

ஊரில் பாதிப் பேர் மரம் வெட்டும் கூலிகள். மரக்கிடங்கைக் கூட்டுவது போலவே காட்டையும் கூட்டினார்கள். புதரை வெட்டி, விழுந்து மட்கிக் கிடந்த மரங்களை அறுத்து அடுக்கி, சருகைக் குவித்து எரித்தார்கள். பட்டுப்போன பொந்து மரங்களை ரம்பக்காரரே சாய்த்தார். இடுப்பு விட்டுப்போனது. எண்ணெய் தேய்த்துவிட்ட மனைவி சொன்னாள்: "நம்ம வீட்டை ஒருநாளாவது இப்படிக் கூட்டியிருப்பீங்களா?" வெகுநாளைக்குப் பிறகு அவர் சிரித்தார்.

அதிகாரியம்மா வந்தார். காடு முழுக்க நடந்தார். சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் முன் குனிந்து, பொந்துக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"இதை யாருங்க வெட்டினது?"

"நான்தாம்மா." ரம்பக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "பட்ட மரம். ஒண்ணுக்கும் ஆகாது."

"இதுல கூடு கட்டுற பறவைக்காகத்தான் உங்க காட்டுக்கே பணம் தர்றதா இருந்துச்சு. புதரையும் எடுத்துட்டீங்க. இப்ப இது வெறும் தோப்பு. தோப்பு வாங்க எங்ககிட்ட பணம் இல்ல."

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமேம்மா?" மச்சான் எகிறினார்.

"காட்டைக் கூட்டுவீங்கன்னு யாருக்குங்க தோணும்?" அந்தம்மா கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ரம்பக்காரருக்கு அதுதான் தாங்கவில்லை.

முதலாளி காத்திருக்கவில்லை. காடு மர ஒப்பந்தக்காரர் கைக்குப் போனது. அவர் ரம்பக்காரரைத் தேடிவந்து தோளில் கைபோட்டார்.

"புதரெல்லாம் நீங்களே எடுத்துக் குடுத்துட்டீங்க, வண்டி நேரா உள்ள போகும். பாதி வேலை மிச்சம். நாளைக்கு மெஷினோட வந்துடுங்கண்ணே."

முடியாது என்று சொல்லத்தான் ரம்பக்காரர் வாயைத் திறந்தார். "அந்தக் கோடியில இருந்து ஆரம்பிக்கலாமா?" என்றுதான் வந்தது. "எங்க வீட்டுக்கு மேல இருக்கறதக் கடைசியா வெட்டுவோம்."

"ஆகட்டும்ண்ணே. மழைக்கு முன்னாடி முடிஞ்சாச் சரி."