நலச் செயலாளர்

தேசிய கால்நடை மருத்துவ மாணவர் சங்கத்தின் கமிட்டிக்கு நலச் செயலாளர் ஒருவர் வேண்டும் என்று ஆன்லைன் கூட்டத்தில் கேட்டபோது யாருமே பேசவில்லை. அந்த மௌனம் தாங்காமல்தான் இஃப்ரா கையைத் தூக்கினாள். சென்னையில் வெட்னரி நான்காம் ஆண்டு. வீடு ராயப்பேட்டை மீர்சாகிப்பேட்டையில். அவளுடைய அப்பா மெஹபூப் பாஷாவுக்கு பாண்டி பஜாரின் பின் தெருவில் பட்டன், லேஸ், லைனிங் துணி விற்கும் கடை. அங்கே வருகிற தையல்காரர்களிடமெல்லாம் அவர், "நம்ம பொண்ணு நேஷனல் கமிட்டில கீது" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். உண்மையில் முதல் ஆறு மாதம் அவள் செய்ததெல்லாம் போஸ்டர் போட்டதும், வினாடி வினா நடத்தியதும், பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியதும்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, நான் ஆரோக்கியராஜ். பட்டினப்பாக்கத்துப் பையன். இங்க வடக்க வெட்னரி மூணாவது வருஷம் படிக்கிறேன். கமிட்டில சென்னைன்னு போட்டிருந்தது உங்க பேர் ஒண்ணுதான்."

ஊர்க்காரப் பையன் என்றதும் இஃப்ராவுக்குச் சந்தோஷம். அது அடுத்த வாக்கியம் வரைக்கும்தான்.

"ஒரு மாடு வந்துச்சுக்கா. தீனி எடுக்கல. எச்சில் ஒழுகிக்கினே இருந்துச்சு. தொண்டையில எதுனா அடைச்சிருக்கும், பாருங்கன்னு சார் சொன்னாரு. நாங்க அஞ்சு பேர் மாத்தி மாத்தி வாயில கை வுட்டுப் பார்த்தோம்."

"க்ளவுஸ்?"

"தீர்ந்துபோச்சு. அந்த மாடு செத்துடுச்சுக்கா. மூளைய லேபுக்கு அனுப்புனாங்க. ரேபிஸ்னு லேப்ல வேலை செய்யற அண்ணன் சொல்றாரு. ரிப்போர்ட் இன்னும் கைக்கு வரல."

"உனக்கு முன்னாடியே தடுப்பூசி போட்டிருப்பாங்கல்ல?"

"இந்த வருஷத்துக்கு மருந்து வரலக்கா." அப்புறம்தான் அதைச் சொன்னான். "எனக்கு மட்டும் விரல்ல வெட்டுக் காயம் இருந்துச்சு."

இஃப்ரா கடைக்கு வெளியே வந்து நின்றாள். ரேபிஸ் வந்த பிறகு வைத்தியம் கிடையாது என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இருவரும் ஒரே பாடப் புத்தகம் படித்தவர்கள். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் தடுப்பூசியின் முதல் டோஸை அவன் முந்தின நாளே போட்டுக்கொண்டுவிட்டான். ஆனால் அது உடம்பில் வேலை செய்ய நாளாகும். அதுவரை தாக்குப்பிடிக்க, காயத்திலேயே போடுகிற சீரம் ஒன்று உண்டு. முதல் ஊசியிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டால்தான் பலன். அது அந்த ஊரில் இல்லை. ராத்திரி முழுக்க பஸ்ஸில் போனால் வருகிற பெரிய நகரத்தில் இருந்தது.

"அப்புறம் என்ன, கிளம்பிப் போ."

"ஹாஸ்டல்ல அவுட்பாஸ் வேணும்க்கா. ஆப்ல அப்ளை பண்ணா வீட்டு நம்பருக்கு ஓடிபி போகும். மத்த நாலு பேரும் வாங்கிட்டுப் போயிட்டாங்க. எங்க நைனா லாஞ்சில போயிருக்காரு. போனு அவரோட நடுக்கடல்ல கீது."

ஆரோக்கியராஜின் அப்பா மிக்கேல், காசிமேட்டிலிருந்து கிளம்பும் மீன்பிடி லாஞ்சுகளில் கூலிக்குப் போகிறவர். போனால் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கரை.

"அம்மா பேசினா விடமாட்டாங்களா?"

"அம்மாகிட்ட சொல்லாதீங்கக்கா. அது தாங்காது."

அன்று சாயங்காலமே இஃப்ரா கமிட்டியை அவசரமாகக் கூட்டச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். தலைவர் ரெஹான் நல்லவன்தான். ஆனால் இணைச் செயலாளர் குல்ஷன் படிப்பது ஆரோக்கியராஜின் கல்லூரியிலேயே. அடுத்த தேசிய மாநாடும் அங்கேதான் நடப்பதாக இருந்தது.

"ரிப்போர்ட்டே வராதப்ப எங்க காலேஜ் பேரை எப்படி வெளியே சொல்லுவீங்க?" என்றாள் குல்ஷன்.

"பேரை விடு. டீன்கிட்ட பேசி ஒரு பையனுக்கு லீவு வாங்கிக் கொடுங்க, அது போதும்" என்றாள் இஃப்ரா.

"டீன் டூர்ல இருக்கார். நான் அங்க இன்னும் ஒரு வருஷம் படிக்கணும் இஃப்ரா."

ரெஹான் டீனுக்கு மெயில் அனுப்புவதாகச் சொன்னான். பிறகு சங்கத்தின் சார்பில் ஓர் அறிக்கை தயாரித்தார்கள். 'கவலை கொள்கிறது' என்று போடலாமா, 'ஆழ்ந்த கவலை கொள்கிறது' என்று போடலாமா என்று ரொம்ப நேரம் பேசினார்கள். கடைசியில் கல்லூரியின் பெயர் இல்லாமல், ஊரின் பெயர்கூட இல்லாமல் அது வெளியானது. நிறையப் பேர் லைக் போட்டார்கள்.

திங்கட்கிழமை இஃப்ரா தானே வார்டனுக்குப் போன் செய்தாள். தெரிந்த இந்தியையெல்லாம் திரட்டிப் பேசினாள். அந்த மனிதர் கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடத் தேவலை. நிதானமாகச் சொன்னார். "நீங்க சொல்றது புரியுதும்மா. ஓடிபி இல்லாம சிஸ்டம் பாஸ் கொடுக்காது. பாஸ் இல்லாம கேட்ல விட்டா என் வேலை போயிடும். நீங்க என்ன, எங்க யுனிவர்சிட்டியா?"

"மாணவர் சங்கம் சார். நேஷனல்."

"சரி" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

ஆரோக்கியராஜுக்குக் கூப்பிட்டு, "சுவர் ஏறியாச்சும் போடா" என்றாள். போன வருஷம் அப்படிப் போன ஒருவனைப் பரீட்சை எழுதவிடவில்லை, தன்னுடைய ஸ்காலர்ஷிப்பும் போய்விடும் என்றான். "நாளைக்கு டீன் வந்துடுவாருன்றாங்கக்கா" என்றும் சொன்னான். அதை அவள் நம்பினாள். டீன் மறுநாள் வரவில்லை.

அதற்கு மேல் பொறுக்க முடியாமல், அவன் வேண்டாம் என்றதையும் மீறி, புதன்கிழமை காலையில் அவனுடைய அம்மா மீன் விற்கும் லூப் ரோடு அங்காடிக்குப் போனாள். விசாரித்ததும் கைகாட்டினார்கள். ஜெசிந்தா சங்கராவை அடுக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாப்பா, சங்கராவா? காலைல வந்த மீனு."

இஃப்ரா சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனாலும் சொல்ல வேண்டியதில் மெதுவாகச் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஜெசிந்தா அழவில்லை. கையைப் புடவையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

"நாய் கடிக்கலையே, மாடுதானே?"

"காயத்துல எச்சில் பட்டாலே வரலாம் ஆன்ட்டி. வரும்னு இல்ல. ஆனா அந்த சீரம் போட்டுட்டா நல்லது."

"அந்த வார்டனுக்குப் போன் போடு. நான் பேசறேன்."

பேசினாள். "சார், நான் பெத்தவ சார். எம் புள்ளைய வுடு சார்" என்று தமிழிலேயே சொன்னாள். இஃப்ரா பக்கத்தில் நின்று இந்தியில் சொன்னாள். வார்டன் முழுக்கக் கேட்டுவிட்டு, பதிந்திருப்பது அப்பாவின் நம்பர், அதை மாற்ற வேண்டுமானால் ஆபீஸில் டீன் கையெழுத்து வேண்டும் என்றார். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இருவரும் ஆட்டோ பிடித்துக் காசிமேடு போனார்கள். லாஞ்சு ஓனர் வயர்லெஸ்ஸில் பேசிப் பார்த்தார். இரைச்சலுக்கு நடுவே மிக்கேலின் குரல் கேட்டது. விஷயம் புரிந்ததும் அவர், "போன்ல டவர் கோடே இல்ல ஜெசி. நான் இன்னா பண்ணட்டும், நீஞ்சியா வருவேன்?" என்றார். இன்னும் அவர்கள் வலையே முழுசாக எடுக்கவில்லை. ஒருவருடைய பிள்ளைக்காக லாஞ்சைத் திருப்பினால் டீசல் காசு யார் தருவது என்று ஓனர் கேட்கவில்லை. அவர் தலையைச் சொறிந்ததிலேயே அது இருந்தது. கடைசியில் அவரே மனசு மாறித் திரும்பச் சொன்னார். ஆனால் கடலில் போன தூரத்தைத் திரும்பக் கடந்துதானே ஆக வேண்டும்.

திரும்பி வரும்போது ஜெசிந்தா கேட்டாள். "உங்க சங்கம் பெரிசுன்னு புள்ள சொன்னானே. டில்லில எல்லாம் ஆளு கீது இல்ல?"

"இருக்காங்க ஆன்ட்டி."

"அவங்க இன்னா சொல்றாங்க?"

"பேசிக்கிட்டிருக்காங்க" என்றாள் இஃப்ரா. மெரினா ஓரமாக ஆட்டோ போய்க்கொண்டிருந்தது. அவள் கைப்பேசியில் கமிட்டி குழுவில் மாநாட்டு டி-ஷர்ட்டின் நிறத்துக்கு வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாஞ்சு கரைக்கு நெருங்கி சிக்னல் கிடைத்ததும் ஓடிபி வந்தது. மிக்கேல் அதைப் படித்துச் சொல்ல, ஜெசிந்தா திருப்பிச் சொல்ல, ஆரோக்கியராஜ் பஸ் ஏறினான். மறுநாள் அவன் போன் செய்தபோது இஃப்ரா அடையாறில் ஒரு தோழி வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"நாள் தாண்டிடுச்சாம்க்கா. இனிமே சீரம் போட்டா, போட்ட ஊசியையும் கெடுத்துடுமாம். மிச்ச ஊசிய ஒழுங்காப் போட்டுக்கோன்னு டாக்டர் சொன்னாரு. பெரும்பாலும் ஒண்ணும் ஆவாதுன்றாரு. ஆவாதுல்லக்கா?"

"ஆமாடா. ஆகாது."

"நீங்களும் படிச்சிருக்கீங்கல்ல. அதான் கேட்டேன்."

அவள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தாள். அம்மா ஷகீலா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ராஜினாமா பண்ணிடும்மா. உனக்கு எதுக்கு இந்தத் தலவலி?" என்றாள். இஃப்ரா ராஜினாமா செய்யவில்லை. மூன்றாம் ஆண்டு தொடங்கும் முன் எல்லாக் கல்லூரியிலும் மாணவர்களுக்குத் தடுப்பூசி போட்டாக வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். ஒருமனதாக நிறைவேறியது. குல்ஷன்கூடக் கை தட்டினாள். கூட்டம் முடிந்த பிறகு தனியே, 'ஸாரி' என்று ஒரு வரி அனுப்பினாள். தீர்மானம் எல்லாக் கல்லூரிக்கும் போனது. ஓரிரு கல்லூரிகளிலிருந்து 'பெற்றுக்கொண்டோம்' என்று பதில் வந்தது. லேப் ரிப்போர்ட் மட்டும் யார் கைக்கும் வரவேயில்லை.

மே மாதம் ஆரோக்கியராஜ் விடுமுறைக்கு வந்தான். இஃப்ரா பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனாள். போனில் கேட்ட குரலை விடச் சின்னப் பையனாக இருந்தான். எல்லா ஊசியும் போட்டாயிற்று, உடம்புக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் கறுத்திருந்தான், அவ்வளவுதான். கல்லூரியில் புதுசாக க்ளவுஸ் வந்திருக்கிறது என்று சொன்னான். "எங்க செட்டுக்கு இல்ல, ஜூனியருங்களுக்கு" என்று சிரித்தான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஜெசிந்தா ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவனிடம் நீட்டினாள்.

"இப்பதானம்மா குடிச்சேன்."

"குடி ராசா."

அவன் அலுத்துக்கொண்டு வாங்கிக் குடித்தான். அவன் தொண்டை ஏறி இறங்குவதையே ஜெசிந்தா பார்த்துக்கொண்டு நின்றாள். காலி சொம்பை வாங்கியதும் இஃப்ராவைக் கண்ணால் வாசலுக்கு அழைத்தாள்.

"அந்த நோவு வந்தா தண்ணியக் கண்டு பயப்படுவாங்களாமே. பக்கத்து வூட்டுப் பொண்ணு போன்ல காட்டுச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னும் எத்தினி நாளைக்குப் பார்த்துக்கினு இருக்கணும் பாப்பா?"

பெரும்பாலும் சில மாதங்களுக்குள் தெரிந்துவிடும். அபூர்வமாக வருஷக்கணக்கிலும் ஆகலாம் என்றுதான் புத்தகத்தில் இருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள்தான் ஆன்ட்டி."

ஜெசிந்தா தலையாட்டினாள். தான் சொன்னதை அவள் நம்பினாளா என்று இஃப்ராவுக்குத் தெரியவில்லை. ஜெசிந்தா உள்ளே போய்க் குடத்தைச் சாய்த்து மறுபடியும் சொம்பை நிரப்பினாள்.